பேக்கப் ஃபைலைத் திறப்பது நீங்கள் அல்ல

பழைய கணினியில் எடுத்த டேட்டாபேஸ் பேக்கப் ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுவந்து, புதிய கணினியின் டெஸ்க்டாப்பில் போட்டாயிற்று. மைக்ரோசாஃப்டின் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்கியூஎல் சர்வரை நிர்வகிக்கும் எஸ்கியூஎல் சர்வர் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவில் ரீஸ்டோர் (பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்பது) கொடுத்ததும் சிவப்பு எழுத்தில் வந்து நிற்கிறது: மெசேஜ் 3201, பேக்கப் டிவைஸைத் திறக்க முடியவில்லை, ஆபரேட்டிங் சிஸ்டம் எர்ரர் 5, ‘ஆக்சஸ் இஸ் டினைடு’. அதே ஃபைலை எக்ஸ்ப்ளோரரில் நகலெடுக்கலாம், பெயர் மாற்றலாம், அழிக்கக்கூடச் செய்யலாம். விண்டோஸில் நீங்கள்தான் அட்மினிஸ்ட்ரேட்டர். ஸ்டுடியோவை மூடிவிட்டு ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்தாலும் அதே 5தான்.

கட்டளை கொடுப்பது நீங்கள். ஃபைலைத் திறப்பதோ, பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூஎல் சர்வர் சர்வீஸ். அதற்கென்று விண்டோஸில் தனிக் கணக்கு உண்டு. எஸ்கியூஎல் சர்வர் 2012 முதல், வழக்கமான முறையில் நிறுவினால் அந்தக் கணக்கின் பெயர் ‘என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்கியூஎல்சர்வர்’. இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பாக இருந்தால் ‘என்டி சர்வீஸ்\எம்எஸ்எஸ்கியூஎல்$எஸ்கியூஎல்எக்ஸ்பிரஸ்’. உங்கள் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாகுமென்ட்ஸ் எல்லாம் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் இருப்பவை. அங்கே நுழைய நீங்கள், சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழு ஆகிய மூவருக்குத்தான் வழி. சர்வீஸ் கணக்கு அந்தப் பட்டியலில் இல்லை. ஸ்டுடியோவை நீங்கள் எந்த உரிமையோடு திறந்தாலும் சர்வீஸ் அதே பழைய கணக்கில்தான் ஓடுகிறது. அதனால்தான் ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ இங்கே ஒரு பைசாவுக்கும் பிரயோஜனம் இல்லை.

ரீஸ்டோர் ஜன்னலில் ஃபைலைத் தேடும்போதே இதற்கான அடையாளம் தெரிந்துவிடும். அங்கே காட்டப்படும் ஃபோல்டர் மரம் சர்வீஸின் கண்ணுக்குத் தெரிவது, உங்கள் கண்ணுக்கு அல்ல. டெஸ்க்டாப்புக்குள் போனால் காலியாக இருக்கும். ‘ஃபைல் அங்கேதானே இருக்கிறது’ என்று பாதையைக் கையால் தட்டிக் கொடுக்கும்போதுதான் எர்ரர் 5 வருகிறது.

முதலில் சர்வீஸ் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஊகித்து அனுமதி கொடுப்பதில்தான் பாதி நேரம் போகிறது. சர்வரையே கேட்கலாம்: செலக்ட் சர்வீஸ்நேம், சர்வீஸ்_அக்கவுன்ட் ஃப்ரம் சிஸ்.டிஎம்_சர்வர்_சர்வீஸஸ். கட்டளைகள் இங்கே வாயால் சொல்வது போலவே எழுதப்பட்டிருக்கின்றன. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சர்வீஸ்_அக்கவுன்ட் பத்தியில் வரும் பெயரை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, டி டிரைவில் ‘டிபிபேக்கப்’ என்று தனி ஃபோல்டர் ஒன்று. அதன் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட், ஆட் என்று போக வேண்டும். இங்கே ஒரு சிறு கண்ணி இருக்கிறது. ‘லொகேஷன்ஸ்’ என்ற இடத்தில் அலுவலக டொமைன் (அலுவலகக் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) பெயர் இருந்தால், அதை மாற்றி அந்தக் கணினியின் பெயரையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு கணக்கின் முழுப் பெயரையும், ‘என்டி சர்வீஸ்\’ என்ற முன்பகுதி உட்பட, கையால் தட்டி ‘செக் நேம்ஸ்’ அழுத்த வேண்டும். ‘ஃபைண்ட் நவ்’ கொடுத்துப் பட்டியலில் தேடினால் இந்தக் கணக்கு வரவே வராது. பட்டியலில் காணோம் என்று கைவிட்டுவிட்டு ‘எவ்ரிஒன்’ பெயரைச் சேர்த்துவிடுகிறவர்கள் அதிகம். பெயர் ஏற்றுக்கொள்ளப்பட்டதும், ரீஸ்டோருக்கு ‘ரீட் அண்ட் எக்ஸிக்யூட்’ போதும். அதே ஃபோல்டரில் பேக்கப் எடுக்கவும் போகிறீர்கள் என்றால் ‘மாடிஃபை’. ‘ஃபுல் கன்ட்ரோல்’ தேவையே இல்லை.

கட்டளையாகவே முடிக்க விரும்புகிறவர்களுக்கு ஃபைல், ஃபோல்டர் அனுமதிகளை மாற்றும் ‘ஐகாக்ள்ஸ்’ கட்டளை இருக்கிறது. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில், ஐகாக்ள்ஸ், ஃபோல்டரின் பாதை, சாய்கோடு கிராண்ட், பிறகு மேற்கோளுக்குள் கணக்கின் பெயர், ஒரு முக்கால்புள்ளி, அதன்பின் தனித்தனி அடைப்புக்குறிகளில் ஓஐ, சிஐ, கடைசியில் ஆர்எக்ஸ் (ரீட் அண்ட் எக்ஸிக்யூட்). ஓஐ என்பது உள்ளே வரும் ஃபைல்களுக்கும், சிஐ என்பது உள்ளே வரும் ஃபோல்டர்களுக்கும் இந்த அனுமதி இறங்க வேண்டும் என்று சொல்கிறது. இவை இரண்டையும் விட்டுவிட்டால் அனுமதி ஃபோல்டரோடு நின்றுவிடும். ஃபைல் பூட்டியே இருக்கும்.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும் எர்ரர் 5 வருகிறதா? ஃபைலை அந்த ஃபோல்டருக்குள் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று பாருங்கள். விண்டோஸில் ஒரு ஃபைலைக் காப்பி செய்தால், புதிய ஃபோல்டரின் அனுமதிகளை அது எடுத்துக்கொள்ளும். ஒரே டிரைவுக்குள் கட் செய்து பேஸ்ட் செய்தால், பழைய இடத்து அனுமதிகளையே சுமந்துகொண்டு வரும். சி டிரைவின் டெஸ்க்டாப்பிலிருந்து சி டிரைவிலேயே உள்ள பேக்கப் ஃபோல்டருக்குக் கட் செய்து ஒட்டிய ஃபைல், இடம் மாறினாலும் டெஸ்க்டாப்பின் பூட்டோடுதான் இருக்கிறது. வேறு டிரைவுக்கு நகர்த்தினால் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே நடப்பது உண்மையில் காப்பி செய்து பழையதை அழிப்பதுதான். இதற்கு மருந்து ஒரே வரி: அந்த ஃபைலின் மேல் ஐகாக்ள்ஸ், சாய்கோடு ரீசெட். பழைய அனுமதிகளைத் துடைத்துவிட்டு, இருக்கும் ஃபோல்டரிலிருந்து புதிதாக வாங்கிக்கொள்ளும்.

வேடிக்கை என்னவென்றால், டெஸ்க்டாப்பில் போடாமல் பென்டிரைவிலிருந்தே பாதையைக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் ஃபைல் அனுமதி என்ற ஏற்பாடே இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். சம்பள விவரம் அடங்கிய பேக்கப்பைப் பென்டிரைவில் கொண்டுபோவது ஏன் ஆபத்து என்பதற்கும் காரணம் இதேதான்.

‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ என்ற வைத்தியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது வேலை செய்யும். கூடவே, அந்தக் கணினியில் லாகின் செய்யும் எவரும் மொத்த டேட்டாபேஸையும் நகலெடுத்துப் போகவும், பேக்கப்பை அழிக்கவும் வழி திறக்கும். பேக்கப் ஃபைலுக்குள் இருக்கும் அட்டவணைகளுக்கு டேட்டாபேஸ் பாஸ்வேர்டு காவல் இல்லை. தன் லேப்டாப்பில் எக்ஸ்பிரஸ் நிறுவியிருக்கும் எவராலும் ரீஸ்டோர் செய்து படிக்க முடியும். இதே ரகத்தைச் சேர்ந்த இன்னொரு அறிவுரை, சர்வீஸையே, அந்தக் கணினியில் ஏறக்குறைய எல்லா உரிமையும் உள்ள ‘லோக்கல் சிஸ்டம்’ கணக்குக்கு மாற்றச் சொல்வது. பூட்டைத் திறக்கச் சாவி கேட்டால் கதவையே கழற்றிக் கொடுப்பது போன்றது அது. உண்மையிலேயே சர்வீஸ் கணக்கை மாற்ற வேண்டியிருந்தால், விண்டோஸின் ‘சர்வீசஸ்’ ஜன்னலில் மாற்றாமல் எஸ்கியூஎல் சர்வர் கான்ஃபிகரேஷன் மேனேஜரில் மாற்றுங்கள். புதிய கணக்குக்கு வேண்டிய ஃபோல்டர் அனுமதிகளையும் குறியாக்கச் சாவியையும் அதுதான் கூடவே சரிசெய்யும்.

பேக்கப் ஃபைலைப் படித்துவிட்டால் அடுத்த தடை எழுதும் இடம். பேக்கப்புக்குள் பழைய கணினியின் டேட்டா ஃபைல் பாதைகள் அப்படியே பதிந்திருக்கின்றன. பழையது 2016 பதிப்பு என்றால் பாதையில் ‘எம்எஸ்எஸ்கியூஎல்13’ என்று இருக்கும். புதியது 2022 என்றால் அங்கே இருப்பது ‘எம்எஸ்எஸ்கியூஎல்16’. இல்லாத ஃபோல்டரில் எழுதப் போனால் மெசேஜ் 5133 வரும், கூடவே 3156: ‘வித் மூவ் பயன்படுத்து’. இந்த இடத்தில் எர்ரரின் வாலில் உள்ள எண்ணைப் படிக்காமல் அனுமதி கொடுக்கக் கிளம்பிவிடக் கூடாது. 5 என்றால் அனுமதி இல்லை. 3 என்றால் அப்படி ஒரு பாதையே இல்லை. 2 என்றால் ஃபைல் இல்லை. 32 என்றால் வேறொரு புரோகிராம் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. எண் 3 வந்த இடத்தில் நாள் முழுக்க பெர்மிஷன் கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது.

ரீஸ்டோர் ஃபைல்லிஸ்ட்ஒன்லி ஃப்ரம் டிஸ்க் என்று பேக்கப்பின் பாதையைக் கொடுத்தால், உள்ளே எத்தனை ஃபைல்கள், அவற்றின் லாஜிக்கல் பெயர்கள் (டேட்டாபேஸுக்குள் அவற்றை அழைக்கும் பெயர்கள்) என்ன என்று சொல்லிவிடும். அந்தப் பெயர்களை வைத்து, ‘ஸ்டோர்ஸ்’ என்ற டேட்டாபேஸுக்கு இப்படி எழுதலாம்:

ரீஸ்டோர் டேட்டாபேஸ் ஸ்டோர்ஸ்
ஃப்ரம் டிஸ்க் = 'டி:\டிபிபேக்கப்\ஸ்டோர்ஸ்.பேக்'
வித் மூவ் 'ஸ்டோர்ஸ்' டு 'டி:\டிபிடேட்டா\ஸ்டோர்ஸ்.எம்டிஎஃப்',
மூவ் 'ஸ்டோர்ஸ்_லாக்' டு 'டி:\டிபிடேட்டா\ஸ்டோர்ஸ்.எல்டிஎஃப்',
ஸ்டாட்ஸ் = 10;

இதில் ‘டிபிடேட்டா’ ஃபோல்டர் புதிதாக உருவாக்கியது என்றால் அங்கே சர்வீஸ் கணக்குக்கு எழுதும் உரிமை தனியாக வேண்டும். பேக்கப் ஃபோல்டருக்குக் கொடுத்தது இங்கே செல்லாது. சி டிரைவின் வேரில் நேராக எழுதச் சொல்வதும் எர்ரர் 5தான். தலைவலி வேண்டாம் என்றால், சர்வரை நிறுவும்போது அதுவே உருவாக்கிக்கொண்ட ‘டேட்டா’ ஃபோல்டரைக் கொடுத்துவிடுங்கள். அங்கே எல்லா அனுமதியும் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பக்கத்திலேயே உள்ள ‘பேக்கப்’ ஃபோல்டருக்கும் அப்படியே.

நெட்வொர்க்கில் உள்ள ஃபைல் என்றால் கதை கொஞ்சம் மாறும். நீங்கள் மேப் செய்துவைத்த இசட் டிரைவ் உங்கள் லாகினுக்கு மட்டும் சொந்தம். சர்வீஸுக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியாது. இரட்டைப் பின்சாய்கோட்டில் (\\) தொடங்கும் முழு நெட்வொர்க் பாதையைக் கொடுக்க வேண்டும். ‘என்டி சர்வீஸ்’ வகைக் கணக்கு வெளியே போகும்போது தன் பெயரில் போவதில்லை, கணினியின் பெயரில் போகும். ஆகவே அனுமதி கொடுக்க வேண்டியது டொமைன் பெயர், பின்சாய்கோடு (\), கணினியின் பெயர், இறுதியில் ஒரு டாலர் குறி என்று அமைந்த கணக்குக்கு. அதையும் இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும்: ‘ஷேரிங்’ தாவலில் ஒருமுறை, ‘செக்யூரிட்டி’ தாவலில் ஒருமுறை. இரண்டில் எது கடுமையோ அதுதான் செல்லும். டொமைன் இல்லாத சின்ன அலுவலகமாக இருந்தால் இந்த வழியோடு மல்லுக்கட்டாமல் ஃபைலை உள்ளூர் டிரைவுக்குக் காப்பி செய்துவிடுவதே மேல்.

இதுவரை தடுத்தது விண்டோஸ். சில நேரம் தடுப்பது சர்வர். மெசேஜ் 262, ‘மாஸ்டர் டேட்டாபேஸில் கிரியேட் டேட்டாபேஸ் அனுமதி மறுக்கப்பட்டது’ என்றோ, 3110 என்றோ வந்தால் ஃபோல்டர் அனுமதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் லாகினுக்கு ரீஸ்டோர் உரிமை இல்லை. பலரும் நம்ப மறுக்கும் விஷயம், டேட்டாபேஸுக்குள் ‘டிபி_ஓனர்’ பாத்திரத்தில் இருப்பவருக்கும் ரீஸ்டோர் உரிமை கிடையாது என்பது. காரணம் நியாயமானதுதான். டேட்டாபேஸ் உடைந்தோ இல்லாமலோ இருக்கும்போதுதான் ரீஸ்டோர் தேவைப்படும்; இல்லாத வீட்டுக்குள் இருக்கும் உறுப்பினர் பட்டியலை யார் படிப்பது? அதனால் இந்த உரிமை சர்வர் மட்டத்தில் இருக்கிறது. ‘டிபிகிரியேட்டர்’ பாத்திரம் போதும், சர்வரில் எல்லா உரிமையும் உள்ள ‘சிஸ்அட்மின்’ வேண்டியதில்லை.

வேலையை விட்டுப் போன ஒருவர் நிறுவிய சர்வர், சிஸ்அட்மின் யாரென்றே தெரியவில்லை என்றால், சர்வீஸை நிறுத்திவிட்டு, ஸ்டார்ட்அப் பாராமீட்டரில் ‘கோடு எம்’ (-m) சேர்த்து மீண்டும் துவக்க வேண்டும். இந்த ஒற்றை யூசர் நிலையில் விண்டோஸின் லோக்கல் அட்மினிஸ்ட்ரேட்டர் எவரும் சிஸ்அட்மினாக நுழையலாம். நுழைந்து லாகின் சேர்த்துவிட்டு, பாராமீட்டரை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

ரீஸ்டோர் நூறு சதவீதம் முடிந்துவிட்டது. அப்ளிகேஷனைத் திறந்தால், மெசேஜ் 4060, டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை. ‘ஆப்யூசர்’ என்ற யூசர் டேட்டாபேஸுக்குள் இருக்கிறார். அதே பெயரில் லாகினும் புதிய சர்வரில் உருவாக்கியாயிற்று, பாஸ்வேர்டும் சரி. பின் என்ன?

லாகின் இருப்பது சர்வரில், யூசர் இருப்பது டேட்டாபேஸில். இருவரையும் இணைப்பது பெயர் அல்ல, எஸ்ஐடி என்ற அடையாள எண். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கலாம், ஆதார் எண் ஒன்றாக இருக்காதே, அப்படித்தான். பேக்கப்போடு வந்த ஆப்யூசர் பழைய சர்வரின் எண்ணை வைத்திருக்கிறார். நீங்கள் இங்கே உருவாக்கிய லாகினுக்கு சர்வர் வேறு எண் கொடுத்திருக்கிறது. இப்படி நிற்கும் யூசரை ‘ஆர்ஃபன்’ என்பார்கள். லாகினின் ப்ராப்பர்ட்டீஸில் போய் டேட்டாபேஸை டிக் செய்து சரிசெய்யப் பார்த்தால் மெசேஜ் 15023 வரும், ‘யூசர் ஏற்கெனவே இருக்கிறார்’ என்று. யூசரை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கலாமே என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒவ்வொரு அட்டவணையிலும் புரொசீஜரிலும் (டேட்டாபேஸுக்குள் சேமித்துவைத்த கட்டளைத் தொகுப்பு) அவருக்குக் கொடுத்திருந்த உரிமைகள் அத்தனையும் கூடவே போய்விடும். வேண்டாம். அந்த டேட்டாபேஸுக்குள் இருந்துகொண்டு ஒரே வரி:

ஆல்டர் யூசர் ஆப்யூசர் வித் லாகின் = ஆப்யூசர்;

உரிமைகள் அப்படியே இருக்க, எண் மட்டும் மாறும். இணையத்தில் பழைய பக்கங்களில் ‘எஸ்பி_சேஞ்ச்_யூசர்ஸ்_லாகின்’ என்ற புரொசீஜரைச் சொல்லியிருப்பார்கள். கைவிடப்படும் பட்டியலில் சேர்ந்து பல வருடமாகிறது; அதைப் பழக வேண்டாம்.

மாதாமாதம் உண்மைச் சர்வரிலிருந்து டெஸ்ட் கணினிக்கு ரீஸ்டோர் செய்கிறவர்களுக்கு இதையே ஒவ்வொரு முறையும் செய்வது அலுப்பு. லாகினை உருவாக்கும்போதே பழைய எண்ணைக் கொடுத்துவிட்டால் ஒருமுறையோடு முடிந்தது: கிரியேட் லாகின் ஆப்யூசர் வித் பாஸ்வேர்டு = இன்னது, எஸ்ஐடி = இன்னது. பழைய சர்வரின் சிஸ்.சர்வர்_பிரின்சிபல்ஸ் பார்வையில் அந்த எண் இருக்கிறது. பாஸ்வேர்டே தெரியாவிட்டாலும், லாகின்ப்ராப்பர்ட்டி ஃபங்ஷனில் ‘பாஸ்வேர்டுஹாஷ்’ (பாஸ்வேர்டின் உருமாற்றிய வடிவம்) கேட்டு வாங்கி, புதிய இடத்தில் அந்த ஹாஷைக் கொடுத்துப் பக்கத்தில் ‘ஹாஷ்டு’ என்று குறிப்பிட்டால் போதும்.

டேட்டாபேஸின் சொந்தக்காரர் விஷயமும் இதே ஜாதிதான், ஆனால் இன்னும் குழப்பும். ரீஸ்டோர் செய்தவரைப் புதிய சர்வர் தன் பதிவேட்டில் ஓனர் என்று எழுதிக்கொள்கிறது. டேட்டாபேஸின் உள்ளே, ஓனரைக் குறிக்கும் ‘டிபிஓ’ என்ற பெயருக்கு எதிரே பழைய ஓனரின் எண்ணே இருக்கிறது. இந்த முரண்பாடு 33009 என்று வரலாம். ஓனர் செல்லாதவராக இருந்தால் ‘டிபிஓ என்ற பிரின்சிபல் இல்லை’ என்று 15517 ஆகவும், டேட்டாபேஸ் டயகிராம் திறக்கும்போது ‘சரியான ஓனர் இல்லை’ என்றும் தலைகாட்டும். ஆல்டர் ஆதரைசேஷன் ஆன் டேட்டாபேஸ்::ஸ்டோர்ஸ் டு எஸ்ஏ என்றால் இரண்டு பதிவும் ஒன்றாகும். ஓனரை மாற்றிய பின்னும் வேறு டேட்டாபேஸைத் தொடும் புரொசீஜர்கள் மறுத்தால், இந்த டேட்டாபேஸைச் சர்வர் நம்பலாமா என்று சொல்லும் ‘டிரஸ்ட்வொர்த்தி’ அமைப்பைப் பாருங்கள். பழைய இடத்தில் ஆன் ஆக இருந்தாலும் ரீஸ்டோருக்குப் பின் ஆஃப் ஆகத்தான் வரும். இது பிழை அல்ல, வேண்டுமென்றே வைத்த காவல். உண்மையிலேயே தேவையா என்று யோசித்த பிறகு ஆன் செய்யுங்கள்.

குறியாக்கம் செய்த டேட்டாபேஸ் என்றால் மெசேஜ் 33111 வரும்: சர்ட்டிஃபிகேட் கிடைக்கவில்லை. பழைய சர்வரில் அந்த சர்ட்டிஃபிகேட்டையும் அதன் பிரைவேட் கீயையும் பேக்கப் எடுத்துக் கொண்டுவராமல் ஒரு அடி நகர முடியாது. கொண்டுவந்து கிரியேட் சர்ட்டிஃபிகேட் கொடுக்கும்போதும் 15208 என்று ஒன்று வரும்: ஃபைல் செல்லாது, அல்லது இல்லை, அல்லது உங்களுக்கு அனுமதி இல்லை. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்பும் செய்தி இது. சர்ட்டிஃபிகேட் கெட்டுவிட்டதோ என்று பயப்படுமுன் ஃபைலின் செக்யூரிட்டி தாவலைத் திறந்து பாருங்கள். அங்கே புதிய சர்வீஸ் கணக்கின் பெயர் இல்லாமல் இருக்கலாம். புதிய சர்வீஸ் கணக்குக்குப் படிக்கும் அனுமதி கொடுத்தால் தீர்ந்தது.

லினக்ஸிலும், சர்வரைத் தனிப் பெட்டிக்குள் (கன்டெய்னர்) ஓட்டும் டாக்கரிலும் பிரச்சினை இதேதான், இடம்தான் வேறு. சர்வர் அங்கே ‘எம்எஸ்எஸ்கியூஎல்’ என்ற யூசராக ஓடுகிறது. விண்டோஸில் மேலே உள்ள ஃபோல்டர்களுக்கு அனுமதி இல்லாவிட்டாலும் உள் ஃபோல்டருக்கு இருந்தால் போதும். லினக்ஸில் அப்படி இல்லை, வழியில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியிலும் கடந்துபோகும் உரிமை வேண்டும். உபுண்டு 21.04 முதல் ஹோம் டைரக்டரி 750 அனுமதியோடு (வெளி யூசர்கள் நுழைய முடியாது) உருவாகிறது. அங்கே வைத்த பேக்கப் ஃபைலுக்கு 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். ‘வார்’ டைரக்டரிக்குள் ‘ஆப்ட்’, அதற்குள் ‘எம்எஸ்எஸ்கியூஎல்’, அங்கே பேக்கப்புக்கு ஒரு டைரக்டரி உருவாக்கி, சௌன் கட்டளையால் எம்எஸ்எஸ்கியூஎல் யூசருக்கு உரிமையாக்குங்கள். டாக்கரில் 2019 பதிப்பிலிருந்து சர்வர் ரூட் (எல்லா உரிமையும் உள்ள லினக்ஸ் யூசர்) ஆக ஓடுவதில்லை, யூசர் எண் 10001 ஆக ஓடுகிறது. ‘டாக்கர் சிபி’ கொண்டு உள்ளே போடும் ஃபைலோ ரூட் பெயரில் போய் உட்காரும். அதன் அனுமதி 600 ஆக (சொந்தக்காரருக்கு மட்டும்) இருந்தால் அதே எர்ரர் 5. டாக்கர் எக்ஸெக் கட்டளையில் ‘கோடு யூ 0’ (-u 0) கொடுத்து ரூட்டாக நுழைந்து சௌன் செய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் அப்ளிகேஷனைத் திறந்து சோதிப்பதைவிட, ஸ்டுடியோவிலேயே அந்த லாகினாக மாறிப் பார்ப்பது வேகம். சர்வரின் சொந்த டேட்டாபேஸான மாஸ்டரில் இருந்துகொண்டு எக்ஸிக்யூட் ஆஸ் லாகின் = 'ஆப்யூசர்', பிறகு யூஸ் ஸ்டோர்ஸ். எண் பொருந்தவில்லை என்றால் இங்கேயே 916 வந்துவிடும். உள்ளே போய்விட்டால் ஒரு அட்டவணையிலிருந்து செலக்ட், அப்ளிகேஷன் அழைக்கும் ஒரு புரொசீஜர், இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். பழைய நிலைக்குத் திரும்ப ரிவர்ட். ஸ்டோர்ஸுக்குள் இருந்தபடியே ரிவர்ட் கொடுத்தால் 15199 வரும். மாறிய இடத்துக்கே போய்த்தான் திரும்ப முடியும். முதலில் யூஸ் மாஸ்டர், பிறகு ரிவர்ட்.